பாகப்பிரிவினை செய்துகொண்ட மரபணுக்கள்

மனிதனிடம் நான்கு, எலியிடம் நான்கு, ஜீப்ரா மீனிடம் ஏழு. அமெரிக்காவின் ஆரிகன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஏஞ்சல் அமோரஸ், ஜான் போஸ்ட்லெத்வெயிட் குழுவினர் 1998இல் ‘சயின்ஸ்’ இதழில் வெளியிட்ட கட்டுரையின் சாரம் இந்தக் கணக்குதான். அவர்கள் எண்ணியது ஹாக்ஸ் மரபணுக் கொத்துகளை.

கரு வளரும்போது தலை எது, மார்பு எது, வால் எது என்று உடலின் நீளவாக்கில் இடம் குறித்துக் கொடுப்பவை ஹாக்ஸ் மரபணுக்கள். குரோமோசோமில் அவை வரிசை கட்டி நிற்கும். தலைப்பக்கத்தைக் கவனிப்பவை ஒரு முனையில், வால்பக்கத்தைக் கவனிப்பவை மறுமுனையில். பழ ஈயிடம் இப்படி ஒரே கொத்து. அதுவும் இரண்டாக உடைந்து கிடக்கிறது. முதுகெலும்பிகளுக்குத் தூரத்து உறவான ஆம்ஃபியாக்சஸ் என்ற சிறு கடல்வாழ் உயிரியிடமும் ஒன்றுதான். நமக்கு நான்கு கொத்துகள், மொத்தம் 39 மரபணுக்கள். உயிரினம் சிக்கலாகச் சிக்கலாகக் கொத்துகளும் கூடும் என்று எல்லோரும் திருப்தியாக நம்பிக்கொண்டிருந்த நேரத்தில்தான், சுண்டுவிரல் நீளம்கூட இல்லாத ஒரு மீன் ஏழு கொத்துகளுடன் வந்து நின்றது.

ஏழு என்ற எண்ணே ஒரு தடயம். நான்கு இரட்டிப்பானால் எட்டு. எட்டில் ஒன்று போனால் ஏழு. போன அந்த ஒன்றும் சுவடில்லாமல் போய்விடவில்லை. எட்டாவது கொத்து இருந்திருக்க வேண்டிய இடத்தை 2006இல் துழாவிப் பார்த்தபோது, ஹாக்ஸ் மரபணுக்கள் அத்தனையும் அழிந்துபோய், மைக்ரோ ஆர்என்ஏ ஒன்றை உருவாக்கும் சின்னஞ்சிறு துண்டு மட்டும் மிஞ்சியிருந்தது. ஜப்பானிய வயல்களில் வாழும் மெடாகா மீனிடமும் ஃபுகு என்ற பேத்தை மீனிடமும் இதேபோல் ஏழு கொத்துகள்தான் உண்டு. ஆனால் அவை தொலைத்தது வேறொரு கொத்தை. அதாவது, இந்த மீன்களின் பொது மூதாதையிடம் எட்டும் இருந்தன. பிரிந்து போனபின் அவரவர் தனித்தனியே ஒன்றைத் தொலைத்திருக்கிறார்கள்.

இரட்டிப்பானது ஹாக்ஸ் மட்டுமா? இல்லை. மரபணுத் தொகுதி முழுவதுமே ஒரே சமயத்தில் இரண்டாகியிருக்கிறது. காலம் ஏறத்தாழ 32 கோடி ஆண்டுகளுக்கு முன். அந்த ஒரு மூதாதையின் வழிவந்தவை டெலியோஸ்ட் மீன்கள் என்ற பெருங்கூட்டம். வஞ்சிரம், சங்கரா, மத்தி, நெத்திலி, விரால், கெளுத்தி, விலாங்கு, கெண்டை என்று நம் குழம்புச்சட்டிக்கு வரும் மீன்கள் கிட்டத்தட்ட எல்லாமே இதில் அடக்கம். சுறாவும் திருக்கையும் இந்தக் கூட்டத்தில் சேரா. அவற்றின் கிளை வெகுகாலத்துக்கு முன்பே பிரிந்துவிட்டது. ஏறத்தாழ 30,000 இனங்கள், முதுகெலும்பிகளில் சரிபாதி, அந்த ஒரு விபத்துக்குப் பின் வந்தவை.

விபத்து என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. முட்டையோ விந்தோ உருவாகும்போது குரோமோசோம்கள் பாதியாகப் பிரியவேண்டிய கட்டத்தில் பிரியாமல் போனாலே போதும், ஒரு முழுப் பிரதி கூடுதலாக வந்துவிடும். தாவரங்களில் இது சர்வசாதாரணம். கோதுமையும் பருத்தியும் அப்படி வந்தவைதான். விலங்குகளில் அபூர்வம். முதுகெலும்பிகளின் ஆதிகாலத்திலேயே இரண்டு முறை நடந்ததால்தான் ஒரு ஹாக்ஸ் கொத்து நமக்கு நான்காகியது. மீன்களில் நடந்தது மூன்றாம் சுற்று.

இனி உண்மையான கேள்விக்கு வருவோம். ஒரே மரபணு இரண்டு பிரதிகளாக இருக்கிறது. வேலை ஒருவருக்கானது. மற்றவர் என்ன செய்வார்?

இந்தக் கேள்வியை முதலில் உரக்கக் கேட்டவர் சுசுமு ஓனோ. 1928இல் சியோலில் ஜப்பானியப் பெற்றோருக்குப் பிறந்து, கால்நடை மருத்துவம் படித்து, கலிஃபோர்னியாவில் ஆய்வு செய்தவர். பின்னாளில் மரபணு எழுத்துகளை இசைக்குறிப்புகளாக மாற்றி வாசிக்கவைத்த விநோத மனிதர். 1970இல் அவர் எழுதிய ‘மரபணு இரட்டிப்பின் வழி பரிணாமம்’ என்ற சிறு நூலின் வாதம் நேரானது. மரபணு ஒன்றே ஒன்று இருக்கும்வரை இயற்கைத் தேர்வு அதை மாறவிடாது. மாறினால் உயிருக்கே ஆபத்து. இரண்டாவது பிரதி வந்துவிட்டால் ஒன்று பழைய வேலையைப் பார்க்கும், மற்றது கண்காணிப்பிலிருந்து விடுபட்டு இஷ்டப்படி மாறும். பெரும்பாலும் அப்படி மாறி மாறிச் செத்துப்போகும். எப்போதாவது ஒன்று புதிய வேலை கற்றுக்கொண்டு பிழைக்கும்.

கேட்க அழகான வாதம். கணக்குத்தான் ஒத்துவரவில்லை. சடுதிமாற்றங்களில் பெரும்பாலானவை கெடுப்பவை. புதிய திறமை தருபவை மிக அரிது. கவனிப்பாரற்ற ஒரு பிரதி, நல்ல மாற்றம் தன்னைத் தேடி வரும்வரை உருப்படியாகக் காத்திருக்க முடியாது. சராசரியாகச் சில பத்து லட்சம் ஆண்டுகளிலேயே அது செயலிழந்துவிடும் என்பது பிற்காலக் கணிப்பு. 32 கோடி ஆண்டுகள் கழித்து மீன்களில் விரல்விட்டு எண்ணக்கூடிய ஜோடிகளே மிஞ்சியிருக்க வேண்டும். மிஞ்சியிருப்பதோ ஆயிரக்கணக்கில். ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு மரபணுக்கள் இன்னும் ஜோடியாகவே இருக்கின்றன. குறிப்பாகக் கருவளர்ச்சியை நடத்தும் மரபணுக்கள் அளவுக்கு மீறிப் பிழைத்திருக்கின்றன. இத்தனை பேரும் புதுவேலை தேடிக்கொண்டார்கள் என்றால் யார் நம்புவது?

1999இல் ‘ஜெனடிக்ஸ்’ இதழில் ஆலன் ஃபோர்ஸ், மைக்கேல் லிஞ்ச், போஸ்ட்லெத்வெயிட் முதலானோர் எழுதிய கட்டுரை இந்தச் சிக்கலைத் தலைகீழாகத் திருப்பியது. புதிதாக எதையும் பெறாமலேயே, வெறும் இழப்பினாலேயே இரண்டு பிரதிகளும் பிழைக்கலாம் என்றார்கள். உயிரியலில் நான் படித்த விளக்கங்களிலேயே மிகவும் சிக்கனமானது இதுதான்.

அதைப் புரிந்துகொள்ள, கருவளர்ச்சி மரபணு எப்படி வேலை செய்கிறது என்று தெரிய வேண்டும். புரதம் தயாரிப்பதற்கான குறிப்பு ஒரு பகுதி. அதற்கு முன்னும் பின்னும், சில சமயம் வெகுதூரத்திலும், சுவிட்ச் போன்ற டிஎன்ஏ துண்டுகள் பல இருக்கும். ஒரு சுவிட்ச் மூளையில் மட்டும் மரபணுவை இயக்கும், இன்னொன்று துடுப்பில், மற்றொன்று கண்ணில். ஒரே புரதம் பல இடங்களில் பல நேரங்களில் பயன்படுவது இப்படித்தான். புரதக் குறிப்பு கெட்டால் எல்லா இடமும் பாழ். ஒரு சுவிட்ச் கெட்டாலோ அந்த ஓரிடத்தில் மட்டும் மௌனம். மற்ற இடங்களில் வேலை நடந்துகொண்டே இருக்கும்.

இப்போது இரண்டு பிரதிகள் இருக்கின்றன என்று வையுங்கள். முதல் பிரதியில் துடுப்புச் சுவிட்ச் கெட்டுப்போகிறது. பாதகமில்லை, இரண்டாம் பிரதி பார்த்துக்கொள்ளும். சில லட்சம் ஆண்டுகள் கழித்து இரண்டாம் பிரதியில் மூளைச் சுவிட்ச் கெடுகிறது. அதுவும் பாதகமில்லை, முதல் பிரதி இருக்கிறது. ஆனால் அந்தக் கணத்திலிருந்து இரண்டில் எதையும் இழக்க முடியாது. மூளைக்கு முதல் பிரதி வேண்டும், துடுப்புக்கு இரண்டாம் பிரதி வேண்டும்.

அண்ணன் தம்பி பாகப்பிரிவினை மாதிரிதான், ஒரே ஒரு வித்தியாசம். நம் வீடுகளில் பெரியவர்கள் உட்கார்ந்து பேசிப் பத்திரம் எழுதுவார்கள். இங்கே யாரும் பிரித்துக் கொடுக்கவில்லை. முதலில் இருவருக்குமே வயலும் இருந்தது, தோப்பும் இருந்தது. அண்ணன் வயலை வெள்ளம் கொண்டுபோயிற்று, தம்பி தோப்பு தீயில் போயிற்று. மிஞ்சியதுதான் பங்கு. குடும்பம் சாப்பிட இருவர் கையிலிருப்பதும் வேண்டும், அவ்வளவுதான்.

அந்தக் கட்டுரையிலேயே ஒரு சாட்சியும் இருந்தது. எலியின் எங்ரெய்ல்டு-1 மரபணு, கருவில் முன்கால் மொட்டிலும் வேலை செய்கிறது, பின்மூளை, தண்டுவடத்தின் குறிப்பிட்ட சில நரம்புச் செல்களிலும் வேலை செய்கிறது. ஜீப்ரா மீனில் அதற்கு இரண்டு பிரதிகள். ஒன்று மார்புத் துடுப்பு மொட்டில் மட்டும், மற்றது அந்த நரம்புச் செல்களில் மட்டும். மார்புத் துடுப்புதான் எலியின் முன்கால், நம் கை. எலியில் ஒருவர் பார்க்கும் இரட்டை வேலையை மீனில் இருவர் ஆளுக்கொன்றாகப் பார்க்கிறார்கள். இருவரும் சேர்ந்து பார்க்கும் இடங்களும் உண்டு. நடுமூளையும் பின்மூளையும் சந்திக்கும் எல்லை அப்படிப்பட்டது. பாகப்பிரிவினை ஒருபோதும் முழுசாக முடிவதில்லை.

இதையெல்லாம் பார்க்க ஜீப்ரா மீனைப்போல் வசதியான உயிர் வேறில்லை. சென்னை கொளத்தூரின் வண்ணமீன் கடைகளில் நீலக் கோடுகளோடு கூட்டமாகச் சுற்றுமே, அதேதான். கங்கைப் பகுதி மீன்களைப் பற்றி ஃபிரான்சிஸ் ஹாமில்டன் 1822இல் வெளியிட்ட நூலில்தான் அது முதன்முதலாக அறிவியலுக்கு அறிமுகமானது. அதை ஆய்வகத்துக்குக் கொண்டுவந்தவர் அதே ஆரிகன் பல்கலைக்கழகத்தின் ஜார்ஜ் ஸ்ட்ரைசிங்கர். முட்டை ஒரு மில்லிமீட்டர்கூட இல்லை, தாயின் உடலுக்கு வெளியே வளர்கிறது, கண்ணாடிபோல் உள்ளே தெரிகிறது. கருவுற்று முக்கால் மணி நேரத்தில் முதல் செல் இரண்டாகும். அதன்பின் கால் மணிக்கு ஒருமுறை இரட்டிப்பு. பத்து மணி நேரத்தில் வால்மொட்டு. ஒரே நாளில் இதயம் துடிக்கத் தொடங்கி, வால் சொடுக்கும். எலியின் கருவைப் பார்க்கத் தாயைக் கொல்ல வேண்டும். இதற்கு நுண்ணோக்கி போதும்.

அந்த ஒரு நாளின் நடுவே பின்மூளையில் நடப்பதைக் கொஞ்சம் நின்று கவனிப்போம். குழாய்போல் இருக்கும் பின்மூளை ஏழு துண்டங்களாக வகுபடுகிறது. நான்காவது துண்டத்தில் முகநரம்புக்கான செல்கள் பிறக்கின்றன. பிறந்த இடத்தில் அவை தங்குவதில்லை. பதினெட்டாம் மணி நேரத்தை ஒட்டி, கூட்டமாகப் பின்னோக்கி நகரத் தொடங்கி, ஐந்தாம் துண்டத்தைக் கடந்து, ஆறாம் ஏழாம் துண்டங்களில் போய்க் குடியேறுகின்றன. பச்சை ஒளிரும் புரதத்தை அந்தச் செல்களில் மட்டும் தயாரிக்கும் மீன்வகையில் இதை நேரடியாகவே பார்க்கலாம். பச்சைப் புள்ளிகள் நடுக்கோட்டின் இருபுறமும் பின்னால் ஊர்ந்துபோகின்றன; அவற்றின் நீண்ட இழைகள் மட்டும் நான்காம் துண்டத்தின் வாசலை விடாமல் பிடித்திருக்கின்றன.

சிகாகோ பல்கலைக்கழகத்தின் விக்டோரியா பிரின்ஸ் குழுவினர் 2002இல் இந்தக் காட்சியை வைத்துத்தான் ஒரு மரபணு ஜோடியை விசாரித்தார்கள். ஹாக்ஸ்-பி1ஏ, ஹாக்ஸ்-பி1பி. எலியின் ஹாக்ஸ்-பி1 என்ற ஒற்றை மரபணுவுக்கு மீனில் இருக்கும் இரண்டு பிரதிகள். முதலாவதன் வாயை அடைத்தபோது நான்காம் துண்டத்து முகநரம்புச் செல்கள் பிறந்தன, நகரவில்லை. இரண்டாவதன் வாயை அடைத்தபோது கோளாறு வேறு மாதிரி: நான்காம் துண்டமும் அதற்குப் பின்னுள்ள பகுதியும் ஒழுங்காக வகுபடவே இல்லை. இரண்டையும் சேர்த்து அடைத்தால் சேதம் இன்னும் அதிகம். ஓரளவுக்கு ஒன்றுக்கொன்று கைகொடுத்து வந்திருக்கின்றன என்று அர்த்தம்.

சுவிட்சுகளைப் பார்த்தபோது கதை தெளிவாயிற்று. எலியின் ஹாக்ஸ்-பி1க்கு இரண்டு முக்கியச் சுவிட்சுகள். வைட்டமின் ஏ-யிலிருந்து உடல் தயாரிக்கும் ரெட்டினாயிக் அமிலத்துக்குக் கட்டுப்பட்டு ஆரம்பத்தில் மரபணுவை எழுப்புவது ஒன்று. ஹாக்ஸ் புரதமே திரும்பி வந்து உட்கார்ந்து, நான்காம் துண்டத்தில் தன்னைத் தானே அணையாமல் காத்துக்கொள்வது மற்றொன்று. மீனில் பி1பி முதல் சுவிட்சை வைத்துக்கொண்டு இரண்டாவதைச் சிதையவிட்டது. பி1ஏ இரண்டாவதை வைத்துக்கொண்டு முதலாவதை இழந்தது. அதனால் பி1பி சீக்கிரமே விழித்து, துண்டங்களை வகுக்க உதவிவிட்டுப் பின்வாங்குகிறது. பி1ஏ நான்காம் துண்டத்திலேயே தங்கி, நரம்புச் செல்களை நகர்த்துகிறது. ஃபோர்ஸும் லிஞ்சும் காகிதத்தில் போட்ட கணக்கு அப்படியே.

ஆனால் கதை அங்கேயே நின்றுவிடவில்லை. துண்டங்களை வகுக்கும் அந்த ஆரம்ப வேலை எலியில் ஹாக்ஸ்-பி1இன் தலைமைப் பொறுப்பே இல்லை. அதன் பழைய பங்காளியான ஹாக்ஸ்-ஏ1இன் பொறுப்பு. மீனில் ஏ1 மரபணு ஒன்று இருக்கிறது, நடுமூளையில் சில செல்களில் என்னவோ செய்துகொண்டிருக்கிறது, பின்மூளைப் பக்கம் எட்டிப்பார்ப்பதில்லை. அதன் நாற்காலியில் பி1பி உட்கார்ந்திருக்கிறது. பெயரை வைத்து வேலையை ஊகிக்கிறவர்களுக்கு இது நல்ல பாடம்: மரபணு ஒரே வம்சம் என்பதாலேயே இரண்டு விலங்குகளில் அது ஒரே வேலை பார்க்கும் என்று எழுதிவிடக் கூடாது. இன்றும் எழுதுகிறார்கள்.

இன்னொரு நெருடலும் உண்டு. சுவிட்சுகள் மட்டுமே பிரிந்தன, புரதங்கள் ஒன்றுதான் என்றால், ஒன்றின் இடத்தில் மற்றதன் ஆர்என்ஏவைச் செலுத்தினால் வேலை நடக்க வேண்டும். நடக்கவில்லை. முகநரம்பைச் சரிசெய்யப் பி1ஏவால்தான் முடிந்தது. சுவிட்சுகள் முதலில் பிரிந்து இரண்டையும் அழியாமல் காப்பாற்றியிருக்க வேண்டும். காப்பாற்றப்பட்டபின் புரதங்களும் மெல்ல மெல்லத் தத்தம் வழியில் போயிருக்க வேண்டும். பிரின்ஸ் குழுவின் முடிவும் இதுவே. மரபணுவையே நிரந்தரமாகச் சிதைத்த மீன்களை 2014இல் வேறொரு குழு உருவாக்கிப் பார்த்தது. பி1ஏ இல்லாத மீன்களில் அப்போதும் அந்தச் செல்கள் நகரவில்லை. மனிதர்களிலும் ஹாக்ஸ்-பி1 கெட்டால் என்ன ஆகும் என்பது 2012இல் தெரிந்தது. பிறவியிலேயே முகத்தசைகள் அசையாத குழந்தைகள் சிலருக்கு அந்த மரபணுவில் கோளாறு இருந்தது.

இப்படி ஒரு கதை அழகாகப் பொருந்திவிட்டால் எல்லாக் கதைகளும் பொருந்தும் என்ற மயக்கம் வரும். மிட்ஃப் மரபணு அந்த மயக்கத்தைத் தெளியவைக்கும். 1942இல் பவுலா ஹெர்ட்விக் என்ற ஜெர்மானிய அறிவியலாளர், எக்ஸ்-கதிர் பட்ட எலியின் வழித்தோன்றல்களில் வெள்ளை உரோமமும் மிகச்சிறிய கண்களும் கொண்ட எலிகளைக் கண்டார். காரணம் பின்னாளில் தெரிந்தது: மிட்ஃப் மரபணு தோலின் நிறமிச் செல்லுக்கும் வேண்டும், விழித்திரையின் பின்னுள்ள கறுப்பு அடுக்குக்கும் வேண்டும். ஒன்று கெட்டதில் இரண்டும் போயின.

ஜீப்ரா மீனில் மிட்ஃப்-ஏ, மிட்ஃப்-பி என இரண்டு. மிட்ஃப்-ஏ கெட்ட மீனுக்கு ‘நேக்ர்’ என்று பெயர். உடலில் ஒரு கறுப்புச் செல்கூட இல்லை, நீலக் கோடு இல்லை. கண்கள் மட்டும் கறுகறுவென்று இருக்கின்றன. மிட்ஃப்-பி கண்ணில் இயங்குகிறது என்று 2001இல் தெரிந்தபோது பாகப்பிரிவினைக்கு இதைவிடத் தெளிவான உதாரணம் கிடையாது என்று பாடநூல்களில் எழுதினார்கள்: தோல் அண்ணனுக்கு, கண் தம்பிக்கு. மிட்ஃப்-ஏவின் சுவிட்சில் மிட்ஃப்-பியின் புரதக் குறிப்பைப் பொருத்தினால் கறுப்புச் செல்கள் திரும்பி வந்தன. ஹாக்ஸ் ஜோடியைப் போலன்றி இங்கே புரதங்கள் இன்னும் ஒன்றுக்கொன்று ஈடானவை.

பிறகு 2012இல் இரண்டையும் இழந்த மீனை உருவாக்கினார்கள். அதன் கண்கள் அப்போதும் கறுப்பாகவே இருந்தன. மீனின் விழித்திரை அடுக்குக்கு மிட்ஃப் தேவையே இல்லை. ஓடிஎக்ஸ் என்ற வேறொரு மரபணுக் குடும்பம் அந்த வேலையைப் பார்க்கிறது. தோல் பற்றிய பாதி உண்மை, கண் பற்றிய பாதி அவசர முடிவு. ஒரு மரபணு எங்கே ஒளிர்கிறது என்பது வேறு, அங்கே அது இல்லாமல் முடியாதா என்பது வேறு. படம் எடுப்பது சுலபம், மீனை உருவாக்கிப் பார்ப்பதுதான் வேலை.

அப்படியானால் ஓனோ சொன்னது முழுக்கத் தவறா? இல்லை. மெடாகா மீன் அவர் கட்சி. அதன் டிஎம்ஆர்டி1 மரபணு மற்ற முதுகெலும்பிகளைப்போலவே விதைப்பையின் வளர்ச்சியைக் காக்கும் பிற்கால ஊழியர். ஏறத்தாழ ஒரு கோடி ஆண்டுகளுக்கு முன் அதன் பிரதி ஒன்று வேறொரு குரோமோசோமுக்குத் தாவியது. இது தொகுதி முழுவதும் இரட்டிப்பான கதை இல்லை. தனி ஒரு மரபணு இடம்பெயர்ந்த கதை. தாவிய இடம் இன்று ஒய் குரோமோசோம். தாவிய பிரதிதான் இன்று மெடாகாவில் கரு ஆணா என்று முடிவு செய்கிறது. 2002இல் ஜப்பானியக் குழுவும் ஜெர்மானியக் குழுவும் தனித்தனியே இதைக் கண்டுபிடித்தன. மூல மரபணு விழிக்கும் காலத்துக்கு வெகு முன்னதாகவே, முட்டைக்குள் இருக்கும் கருவிலேயே இந்தப் பிரதி விழித்துவிடுகிறது.

அந்தப் புதுச் சுவிட்ச் எங்கிருந்து வந்தது என்பது 2010இல் தெரிந்தது. மரபணுத் தொகுதிக்குள் இங்குமங்கும் தாவித் திரியும் டிஎன்ஏ துண்டு ஒன்று மரபணுவின் வாசலில் வந்து விழுந்திருக்கிறது. ஜப்பானியப் படைப்புக் கடவுளின் பெயரால் அதற்கு இசனாகி என்று பெயரிட்டிருக்கிறார்கள். அந்தத் துண்டில் டிஎம்ஆர்டி1 புரதம் வந்து ஒட்டும் இடம் ஏற்கெனவே இருந்தது. அதன் வழியாகப் பிரதி தன்னையும் அடக்கிக்கொள்கிறது, மூல மரபணுவுக்கும் அடங்குகிறது. ஒரு ஒட்டுண்ணித் துண்டு சும்மா கொண்டுவந்து கொடுத்த சுவிட்ச். இதே குடும்பத்து மற்ற மீன்களில் ஆணைத் தீர்மானிப்பது வேறு வேறு மரபணுக்கள். நம் இந்தியக் கடலோர உப்பங்கழிகளில் வாழும் ஒரைசியஸ் டான்சினாவில் அந்தப் பொறுப்பு சாக்ஸ்3 மரபணுவுக்கு. ஜீப்ரா மீனைப்போலவே அதையும் 1822இல் எழுதிவைத்தவர் ஹாமில்டன்தான்.

ஆக, இழந்து பிழைத்தவை பல, புதிதாகக் கற்றுப் பிழைத்தவை சில, முதலில் இழந்து பின்னர் கற்றவை இன்னும் சில. எது எந்த வகை என்று தெரிய, இரட்டிப்புக்கு முன் மரபணு என்ன செய்துகொண்டிருந்தது என்று தெரியவேண்டும். அதற்கு எலியோடு ஒப்பிடுவது ரொம்பத் தூரம். உதவிக்கு வந்தது வட அமெரிக்க நதிகளின் கார் மீன். நீண்ட மூக்கு, கவசம்போன்ற செதில், மனிதனுக்கு நஞ்சான முட்டை. மூன்றாம் சுற்று நடப்பதற்கு முன்பே பிரிந்துபோன கிளை அது. அதனிடம் எல்லாம் ஒற்றையாகவே இருக்கின்றன. 2016இல் அதன் மரபணுத் தொகுதி வெளியானதும், எலிக்கும் ஜீப்ரா மீனுக்கும் நடுவே ஒற்றுமையே இல்லை என்று கைவிடப்பட்ட பல சுவிட்சுகளை அடையாளம் காண முடிந்தது. எலிச் சுவிட்ச் கார் மீனோடு பொருந்தியது, கார் மீனின் சுவிட்ச் ஜீப்ரா மீனோடு பொருந்தியது.

ஆய்வகத்தில் ஜோடிகள் தரும் தலைவலியும் சின்னதில்லை. ஒன்றைக் கெடுத்தால் எதுவும் நடக்கவில்லை என்று முடிவுகட்டுவது ஆபத்து, மற்றது சமாளித்திருக்கலாம். சமாளிப்பு தற்செயலானதுகூட இல்லை என்று 2019இல் ‘நேச்சர்’ இதழில் ஜெர்மனியிலிருந்து ஒரு குழுவும் சீனாவிலிருந்து ஒரு குழுவும் காட்டின. சில வகைச் சடுதிமாற்றங்களில், கெட்ட மரபணுவின் ஆர்என்ஏவைச் செல் சிதைக்கும்போது அந்தச் சிதைவே, எழுத்து வரிசையில் அதை ஒத்த உறவு மரபணுக்களை முடுக்கிவிடுகிறது.

இந்தப் பிரிவினை எப்போதோ நடந்து முடிந்த சங்கதி என்று எண்ணிவிட வேண்டாம். நம் குளங்களில் வளர்க்கும் சாதாக் கெண்டைக்கு இன்னொரு சுற்று இரட்டிப்பு நடந்து ஏறத்தாழ ஒரு கோடி ஆண்டுகள்தான் ஆகின்றன. இரண்டு நெருங்கிய இனங்கள் கலந்ததில் வந்தது அது. ஜீப்ரா மீனுக்கு 25 ஜோடி குரோமோசோம்கள், கெண்டைக்கு 50. பெரும்பாலான மரபணுக்கள் இன்னும் இரட்டையாகவே இருக்கின்றன.

அதன் பலனைக் கண்ணால் பார்க்கலாம். எஃப்ஜிஎஃப்ஆர்1 என்ற மரபணு இல்லாத எலிக்கரு தொடக்கத்திலேயே இறந்துவிடும். ஜீப்ரா மீனில் அதற்கு இரண்டு பிரதிகள் இருப்பதால் ஒன்று போனாலும் கரு பிழைத்து வளர்கிறது. வளர்ந்த மீனுக்குச் செதில்கள் மட்டும் பெரும்பாலும் இல்லை. கெண்டையில் அதே பிரதி மேலும் ஒருமுறை இரட்டித்திருக்கிறது. அவற்றில் ஒன்று கெட்டுப்போன கெண்டையைத்தான் ஐரோப்பியர் தங்கள் குளங்களில் பொறுக்கி வளர்த்தார்கள். மீன்வளத் துறையினர் மிர்ரர் கார்ப் என்று சொல்லும் ரகம் அது. 2009இல் ஜெர்மனியின் டூபிங்கன் நகரில் கிறிஸ்டியான நுஸ்லைன்-ஃபோல்ஹார்டின் ஆய்வகத்தினரும் அவர்களுடைய கூட்டாளிகளும் இந்தத் தொடர்பை நிறுவினார்கள்.

1939இல் இலங்கை வழியாக உதகமண்டலத்துக்குக் கொண்டுவரப்பட்ட ஐரோப்பியக் கெண்டைகளில் இந்த ரகமும் உண்டு. உடம்பில் அங்கங்கே சில பெரிய செதில்கள், மற்றபடி வெறும் தோல் என்று ஒரு கெண்டை உங்கள் கண்ணில் பட்டால் வாங்கிப் பாருங்கள். அந்த மீனிடம் கெட்டுப்போன பிரதி ஒன்றுதான், அதன் ஜோடி இன்னும் நன்றாக வேலை செய்கிறது.